நாற்பது மஞ்சள் புள்ளிகள்

எங்கள் வெளிநாட்டுப் பயணத் திட்டம் ஒரு லாரியால் தொடங்கியது. காலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரகடம் சாலையில், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரி ஒன்று எங்கள் பைக்கை ஓரத்து மண்ணில் இறக்கிவிட்டு, தன் பாட்டுக்குப் போனது. ஓட்டியவன் என் நண்பன், பின்னால் நான். விழவில்லை, சீமைக் கருவேல முள்ளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, லாரிக்காரனின் பரம்பரையை முழுக்க விசாரித்து முடித்தபின் சொன்னான்:

"லாரியே இல்லாத ரோட்ல ஒரு பத்து நாள் வண்டி ஓட்டணும் மச்சான். பொறந்ததுக்கு அது ஒண்ணாவது பண்ணிட்டுப் போணும்."

"அப்டி ரோடு எங்க கீது?"

"இங்க இல்ல. வெளிய கீது."

எவனும் அந்த நேரத்தில் அப்படித்தான் பேசுவான், மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் மறக்கிற ஜாதி இல்லை. அன்று மதியமே கேன்டீனில் தட்டுக்குப் பக்கத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்து, வியட்நாம் மலைச்சாலை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். பைக்கை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமாம். பாஸ்போர்ட், லைசென்ஸ், இரண்டு ஜட்டியோடு போனால் போதும் என்றான்.

நாங்கள் வேலை செய்தது பைக் கம்பெனியில் இல்லை. பைக் கம்பெனிகளுக்கு பிரேக் ஹோஸ் செய்து கொடுக்கும் சின்ன வெண்டர் கம்பெனியில். பிரேக் பிடித்தால் எண்ணெயை அழுத்தத்தோடு சக்கரம் வரைக்கும் கொண்டுபோகும் கறுப்பு ரப்பர் குழாய்தான் ஹோஸ். அதன் முனையில் உலோகத் தலையை வைத்து மெஷினில் அழுத்திக் கடிக்க வைப்பது என் வேலை. க்ரிம்ப்பிங் என்போம். அடுத்த ஸ்டேஷன் அவனுடையது. நான் முடித்த ஹோஸை மெஷினில் பொருத்தி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பான். பச்சை விளக்கு எரிந்தால் உலோகத் தலையில் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைப்பான். அவன் புள்ளி மஞ்சள். ஒவ்வொரு டெஸ்ட் ஆளுக்கும் ஒரு நிறம் உண்டு. நாளைக்கு ஏதாவது வம்பு வந்தால் யார் தலை என்று நிறம் சொல்லிவிடும். அவன் பர்மனென்ட். நான் ஏழு வருடமாக கான்ட்ராக்ட். இதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

திட்டம் போடுவதிலும் அவன் டெஸ்ட் ஆள்தான். எதையும் அழுத்திப் பார்க்காமல் விடமாட்டான். நான்கு மாதம் வியட்நாம் வரைபடத்தை மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று வியட்நாம் வேண்டாம் என்றான். நம் ஊரில் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் அங்கே செல்லாதாம். வாடகைக் கடைக்காரனுக்கே எழுதிக் கேட்டிருக்கிறான். கடைக்காரன் உண்மையைச் சொல்லிவிட்டான்: வண்டி தருவோம், போலீஸும் பெரும்பாலும் கேட்காது, ஆனால் விழுந்தால் இன்சூரன்ஸ் வராது.

எனக்குக் கோபம் வந்தது. "எல்லாரும் போய்க்கினுதானேடா கீறாங்க? உனக்கு மட்டும் இன்னா?"

"எல்லாரும் பண்றதால அது சரியாயிடுமா? தாய்லாந்துல நம்ம பர்மிட் செல்லும். அங்க போலாம்."

அப்படி தாய்லாந்து வந்தது. சியாங் மாயில் வண்டி எடுத்து, பாய், மே ஹாங் சோன் என்று மலையைச் சுற்றிக்கொண்டு மறுபடி சியாங் மாய்க்கே வருவது. ஆயிரத்துச் சொச்சம் வளைவுகள். வருடக் கடைசியில் கம்பெனி ஷட்டவுன், அதோடு சேர்த்து விடுப்பு. காசு எப்படிச் சேர்த்தோம் என்பது இங்கே வேண்டாம், எல்லாரும் சேர்க்கிற மாதிரிதான் சேர்த்தோம். பழைய செக் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் அவன் நாள்வாரியாக வழி வரைவான். எந்த ஊரில் பெட்ரோல், எந்த வளைவுக்குப் பிறகு டீ, எங்கே மழைக்கு ஒதுங்கலாம் என்பதுவரை. லைனில் எங்களுக்கு 'ஃபாரின் பார்ட்டி' என்று பெயர் விழுந்தது. "இன்னாபா, ஏரோப்ளேன் எத்தினி மணிக்கு? வாலாஜாபாத்ல நிக்குமா?" என்பார்கள். வாலாஜாபாத் எங்கள் இருவருக்கும் சொந்த ஊர்ப் பக்கம். அவன் சிரிப்பான், எனக்கு முகம் சுருங்கும். கிண்டல் செய்தவர்களில் ஒருவனும் திருப்பதியைத் தாண்டியதில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

எனக்கு பாஸ்போர்ட் சிக்கல் இல்லாமல் வந்தது. அவனுக்கு இழுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாடகை வீட்டுக்கு மாறியிருந்தான். ஒரு காகிதத்தில் பழைய முகவரி, இன்னொன்றில் புதியது. ஒரு சாயங்காலம், விசாரணைக்காக போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வந்தது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு எல்லா ஒரிஜினலோடும் நேரில் வர வேண்டும், வராவிட்டால் ஆள் இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவோம் என்றார்களாம்.

மறுநாள் காலையில் போய் சூப்பர்வைசரிடம் கேட் பாஸ் கேட்டான். ஏற்கெனவே இரண்டு பேர் லீவு. சூப்பர்வைசர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "டூர் போறதுக்கெல்லாம் லைனை நிறுத்த முடியாதுப்பா" என்றார்.

இப்படிப்பட்ட நேரத்துக்கு எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. போகிறவன் போய்விட்டு வருவான். பக்கத்து ஸ்டேஷன்காரன் காலையிலேயே வேகமாக அடித்துத் தன் வேலையை முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு, அவன் ஸ்டேஷனில் போய் நிற்பான். வாட்ச்மேன் சின்ன கேட்டைத் திறந்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். எல்லாரும் செய்ததுதான். ஆனால் டெஸ்ட் ஸ்டேஷனில் மட்டும் யாரும் செய்ததில்லை, ஏனென்றால் பேனாவையும் கொடுக்க வேண்டும். பேனாவைக் கொடுப்பதும் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் ஒன்று. 'எல்லாரும் பண்றதால சரியாயிடுமா' என்று கேட்டவன், அன்றைக்குத் தன் பேனாவை என் சட்டைப் பையில் சொருகினான்.

"செவப்பு வந்தா ரெண்டு தபா திருப்பிப் போட்டுப் பாரு. அப்பவும் செவப்புனா தள்ளி வச்சிடு, நான் வந்து பாக்கறேன். அவசரப்பட்டு வுட்டுடாத."

"நீ போடா. நான் பாத்துக்கறேன்."

அந்த மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் உள்ளே அழுத்தம் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்து போயிருந்தது. நல்ல ஹோஸுக்கும் சில சமயம் சிவப்பு காட்டும். பொய்ச் சிவப்பு என்போம். மாற்றச் சொல்லி அவன் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தான், மாற்றவில்லை. அதனால் லைனில் யாரும் சிவப்பை நம்புவதில்லை, அவனைத் தவிர.

முதல் மூன்று ட்ரே ஒழுங்காகப் பார்த்தேன். நாலாவது ட்ரேயில் சிவப்பு. திருப்பிப் போட்டேன், சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. பொய்ச் சிவப்பு என்று முடிவு செய்துகொண்டேன். காலையில் அவனுக்காக அவசரம் அவசரமாக அடித்துச் சேர்த்த ட்ரே அது என்பது எனக்குத் தெரியும். தலை சரியாக உட்கார்ந்ததா என்று ஒவ்வொன்றையும் பார்க்காமல் அடித்தேன் என்பதும் தெரியும். தெரிந்தும், விளக்குதான் பொய் சொல்கிறது என்று நம்புவது சுலபமாக இருந்தது. வெளியே டிஸ்பாட்ச் வண்டிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து இந்தப் பக்கம் வரத் தொடங்கினார். வந்தால் ஸ்டேஷனில் ஆள் மாறியிருப்பது தெரிந்துவிடும். பேனாவைத் திறந்து, ட்ரேயில் இருந்த நாற்பது ஹோஸுக்கும் வரிசையாக மஞ்சள் புள்ளி வைத்தேன். ட்ரேயை வண்டிக்குத் தள்ளிவிட்டு என் மெஷினுக்கு வந்து நின்றுகொண்டேன், கேட்டால் அவன் பாத்ரூம் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். சமாளித்துவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டரை மணிக்கு அவன் முகமெல்லாம் பல்லாக வந்தான். "முடிஞ்சிடுச்சி மச்சான். ஒரு வாரத்துல புக்கு வூட்டுக்கே வருமாம்." பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டான்: "எல்லாம் டெஸ்ட் ஆச்சா?"

"ஆச்சு."

பன்னிரண்டு நாள் கழித்து பைக் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. இரண்டு ஹோஸ். ஒன்று அவர்கள் லைனிலேயே எண்ணெய் கசிந்து மாட்டிக்கொண்டது. இன்னொன்று வண்டியில் ஏறிவிட்டது. அங்கே புது வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் ரைடர் ஒருவர் முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறார், பிரேக் இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் பல நாள் கண்ணை மூடினால், யார் என்றே தெரியாத அந்த மனிதர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வருவார்.

இரண்டு ஹோஸிலும் மஞ்சள் புள்ளி. அன்றே அவனை சஸ்பெண்ட் செய்தார்கள்.

உள் விசாரணைக்கு முதல்நாள், பஸ் ஸ்டாப்பில் என்னை ஓரமாகக் கூட்டிப்போனான். பக்கத்து ஸ்டேஷன்காரன் என்று என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் ஸ்டேஷன்லதான் இருந்தேன்னு சொல்லிடு. வெளிய போனது தெரிஞ்சா வாட்ச்மேன் வேலை போய்டும். நீ கான்ட்ராக்ட்டு, உன்னை அன்னிக்கே கேட்டுக்கு வெளிய தள்ளிடுவானுங்க. எனக்கு இன்னா? பீஸு டெஸ்ட் ஆயிக்கீது. மெஷின் சீல் போயிடுச்சின்னு நான் எழுதிக் குடுத்த பேப்பரு மூணு கீது. மிஞ்சிப் போனா மெமோ குடுப்பானுங்க."

அவன் கணக்கில் ஒரே ஒரு தப்புதான். பீஸ் டெஸ்ட் ஆகவில்லை. அதை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மறுநாள் ஏ.சி. அறையில், வெளியிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் கேட்டார்: "அந்த ஷிஃப்ட் முழுக்க அவர் அவருடைய ஸ்டேஷன்ல இருந்தாரா?"

"இருந்தார் சார்."

"மார்க் போட்டது அவர்தானா?"

"அவர்தான் சார்."

அவன் என் முகத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். நான் உதவி செய்துவிட்டேனாம். மெஷின் பேப்பர் மூன்றையும் அவன் எடுத்து நீட்டினான். வாங்கி அடியில் வைத்துக்கொண்டார்கள். பர்மனென்ட் ஆட்களைக் குறைக்க எப்போது வழி கிடைக்கும் என்று கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தனக்கு நடக்காது என்று நினைத்தான். இரண்டு மாதத்தில் வேலைநீக்கக் கடிதம் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் லைனில் இரண்டுக்கும் நடுவே நாலடி தூரம்தான்.

அவன் ஸ்டேஷனுக்கு என்னைப் போட்டார்கள். புதுப் பேனா, பச்சை நிறம். மெஷினுக்குப் புது சீலும் வந்தது. அதற்கு அடுத்த மாதம் எனக்கு பர்மனென்ட் லெட்டர் கொடுத்தார்கள். வீட்டில் கேசரி செய்தாள் மனைவி. ஏழு வருடக் காத்திருப்பு, அவள் அழுதாள். கேசரி தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு நான் என்னையே வெறுத்ததுபோல வேறு எவனையும் வெறுத்ததில்லை.

அவன் ஷேர் ஆட்டோ ஓட்டத் தொடங்கினான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் வந்ததும் ஆட்களை அள்ளிக்கொண்டு ஒரகடம் கம்பெனிகளுக்கு வர வேண்டும். எந்த லாரிகளுக்குப் பயந்து வெளிநாடு போக நினைத்தானோ, அந்த லாரிகளுக்கு நடுவே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. பாஸ்போர்ட் வந்துவிட்டிருந்தது. "வேலை போனவனுக்குத்தான் கரெக்டா புக்கு குடுக்கறானுங்க" என்று சிரித்தான். பயணத்தை விடவில்லை. இப்போது யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லையே என்றான். நான் ஒவ்வொரு முறையும் அப்புறம் பார்க்கலாம் என்பேன். எனக்குப் புது வேலைப் பளு என்று அவனே என்னைத் தேற்றினான்.

ஒரு மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், ஆட்டோவை ஓரங்கட்டி எனக்காகக் காத்திருந்தான். பின்சீட்டில் ஆள் இல்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி ஃபோனைக் காட்டினான். சியாங் மாயில் ஒரு வாடகைக் கடை, வரிசையாக பைக்குகள்.

"இந்த வண்டி பாரு. நம்ம ஹோஸு போற மாடல்தான், இங்கிருந்து கப்பல்ல போனது." படத்தை விரலால் பெரிதாக்கினான். முன் சக்கரம், அதன் மேல் கறுப்புக் குழாய், அதன் முனை. நிறமெல்லாம் தெரியவில்லை, வெறும் மங்கல். "என் புள்ளியாக்கூட இருக்கும் மச்சான். நம்ம கை பட்ட பிரேக்கை நம்பி, ஆயிரம் வளைவு எறங்கலாம். ரெண்டு வண்டி புக் பண்ணிடட்டுமா?"

"அந்த வண்டி வேணாம்."

"ஏன்? மாடல் நல்லாதானே கீது?"

"வேணான்டா."

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் நான் சொன்னேன். நாலாவது ட்ரே, சிவப்பு விளக்கு, ஹார்ன், பேனா. ஒன்றையும் விடாமல் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் கேட்டது இதுதான்: "எத்தினி பீஸு?"

"நாப்பது."

"ரெண்டு வந்துச்சி. மீதி எங்க?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவே சற்று நேரம் ஆனது. அவன் வேலையைப் பற்றிக் கேட்பான், பெண்டாட்டி பிள்ளையைப் பற்றிக் கேட்பான், இத்தனை மாதம் எப்படிடா என் முகத்தைப் பார்த்தாய் என்று கேட்பான் என்று நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். முப்பத்தெட்டு ஹோஸ் எங்கே என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. என் குற்றத்தை நினைக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

"வண்டிங்கள்ல போயிருக்கும்" என்றேன்.

"அதுல எவனாவது பொண்டாட்டி புள்ளைய ஒக்கார வச்சிக்கினு போவான்டா." அவன் குரல் முதல்முறையாக உடைந்தது. "நாளிக்கு போயி சொல்லு. ட்ரே முழுக்க டெஸ்ட் ஆகலன்னு சொல்லு. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். பீஸைப் பத்தி சொல்லு."

இறங்கச் சொன்னான். இறங்கினேன்.

மறுநாள் குவாலிட்டி மேனேஜர் அறைக்குப் போனேன். வேலை போகும் என்று தெரிந்தேதான் போனேன். அன்று காலை வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மட்டுக்கு எனக்குக் கொஞ்சம் துணிச்சல் இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெஷின்ல கவுன்டர் இருக்கு தம்பி, பச்சையை மட்டும் எண்ணும். அன்னைக்கு நாப்பது கம்மின்னு அடுத்த நாளே எங்களுக்குத் தெரியும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தொடர்ந்தார்.

"கஸ்டமருக்கு ரெண்டு பீஸ்னு ரிப்போர்ட் கொடுத்தோம். ஏத்துக்கிட்டாங்க. மூடியாச்சு. இப்ப நாப்பதுன்னு சொன்னா வண்டியெல்லாம் திரும்ப வரணும். இந்தக் கம்பெனியே இருக்காது. முந்நூறு பேர் வேலை செய்யறாங்க, உன்னையும் சேர்த்து."

"அவன் பண்ணல சார். நான்தான் பண்ணேன்."

"அது முடிஞ்ச விஷயம். நீ இங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. லைன்ல ஆள் இல்ல, போ."

வெளியே தள்ளுவார்கள் என்று நினைத்துப் போன என்னை, அவர்கள் கதவைத் திறந்து உள்ளே அனுப்பினார்கள். வெளியே லைன் ஓடிக்கொண்டிருந்தது. என் ஸ்டேஷனில் ஒரு ட்ரே நிறைந்து, அடுத்தது காத்துக்கொண்டிருந்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்தபோது ஆட்டோ நின்றிருந்தது. பின்னால் ஐந்தாறு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவன் தன் பக்கத்தில் எனக்கு இடம் விடவில்லை. வண்டியை அணைக்காமலே கேட்டான்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"அவங்களுக்கு ஏற்கெனவே தெரியுமாம். லைனுக்குப் போகச் சொன்னாங்க."

"போனியா?"

"போனேன்."

அவன் கியரைப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.